பி.ஆர்ச்சும் சகலை வீட்டு போர்டும்

என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர், அதாவது என் சகலை, தன் மகன் பி.இ. சிவில் முடித்த மாதமே வீட்டுச் சுவரில் ஒரு போர்டு மாட்டினார். நீலத் தகரம், வெள்ளை எழுத்து. மேலே மகன் பெயர், பக்கத்தில் படிப்பு, அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் இன்ஜினியர்.

அவர் வீடு மாதனூர்ப் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் இருக்கிறது. ஆம்பூருக்கு ஷூ கம்பெனி வேலைக்குப் போகிற எங்கள் பஸ் அந்த வீட்டுக்கு எதிரில்தான் நின்று ஆள் ஏற்றும். போர்டு வந்த பிறகு நான் பஸ்ஸில் இடம் மாறி, அந்தப் பக்கம் தெரியாத வரிசையில் உட்கார ஆரம்பித்தேன். ஆனாலும் பஸ் நின்றதும் கழுத்து தானாகத் திரும்பும். பக்கத்தில் இருப்பவர் தன்னைத்தான் பார்க்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பார். நானும் சிரித்து வைப்பேன்.

நான் கட்டிங் செக்‌ஷன். தோலை விரித்து, எந்த இடம் உதவும், எந்த இடம் உதவாது என்று பார்த்து வெட்டுகிற வேலை. மாட்டை உண்ணி கடித்த இடம் தோலில் சாதாரணமாகத் தெரியாது. இழுத்துப் பிடித்தால் புள்ளி புள்ளியாக வெளியே வரும். சகலை மேல் எனக்கிருந்த பொறாமையும் அப்படித்தான். மற்ற நாளில் அவரும் நானும் நன்றாகத்தான் இருப்போம். அவர் என்னைவிட மூத்தவர், வாய் உள்ளவர், ஒரு தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நான் பத்தாவதோடு நின்றவன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் திறக்காது. மாமியார் வீட்டில் நாற்காலி போட்டால் முதலில் அவருக்குத்தான். அதெல்லாம் பழகிவிட்டது. போர்டுதான் பழகவில்லை.

எனக்கு ஒரே மகள். அவளும் என்னைப் போலத்தான், பேச்சு கம்மி. ஏதாவது கேட்டால் "ம்", "தெரியலப்பா", "பாக்கலாம்". இந்த மூன்றுக்குள் வீட்டில் அவள் பேச்சு முடிந்துவிடும். பிளஸ் டூ படிக்கிறபோது ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, பி.ஆர்ச்சுக்கு ஒரு பரீட்சை இருக்குது. எழுதட்டா?"

எழுது என்று சொல்லிவிட்டேன். எங்கள் கம்பெனியில் ஆர்ச் என்றால் ஒன்றுதான். ஷூவுக்கு உள்ளே, உள்ளங்காலின் வளைவு உட்காருகிற இடம். அந்த இடம் சரியில்லை என்று வெளிநாட்டுக்காரன் திருப்பி அனுப்பிய ஷூக்களை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் செருப்பு, ஷூ சம்பந்தமான படிப்புகளும் உண்டு. ஆகவே என் மகள் ஷூ படிக்கப் போகிறாள் என்று முடிவு செய்துகொண்டேன். தோல் வாசனை என்னோடு போகட்டும் என்று நினைத்திருந்தவனுக்கு அது பெரிய அடி. ஏன் அந்தப் படிப்பு என்று அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கம் எங்கள் இருவருக்கும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் என் மச்சான் குழந்தைக்குக் காதுகுத்து. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. பந்தியில் சகலை எனக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"இன்னா சகல, பொண்ண எதுல போடப் போற?"

"பி.ஆர்ச்சுணா. ஷூ படிப்பு."

"ஷூ படிப்பா! பரவால்லையே, அப்பன் தொழிலு. நீ வெட்டு, அவ தைக்கட்டும்!" என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தார்.

தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்த அவர் மகன் நின்றான்.

"சித்தப்பா, பி.ஆர்ச்னா ஆர்க்கிடெக்சர். கட்டடம் டிசைன் பண்ற படிப்பு. ஷூ இல்ல."

இலையைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை தலையும் நிமிர்ந்தது. என் மனைவி பரிமாறுகிற இடத்திலிருந்து, "ஐயோ, எங்கிட்டயாவது கேட்டிருக்கலாம் இல்ல? நான் கல்யாணத்துக்கு வாசல்ல ஆர்ச் போடுவாங்களே, அந்தப் படிப்புன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றாள். அவளுக்கும் சேர்த்துச் சிரித்தார்கள். அவள் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். என்னால் முடியவில்லை. சகலை அன்று முதல் எங்கே பார்த்தாலும், "ஷூ படிப்பு எப்படிப் போவுது சகல?" என்றுதான் ஆரம்பிப்பார்.

எனக்கு உறைத்தது கேலி அல்ல. என் மகள் என்ன படிக்க ஆசைப்படுகிறாள் என்பது அவர் மகனுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. விசாரித்ததில், அந்தப் பரீட்சைக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான். போனில் இருவரும் பேசிக்கொள்வார்களாம். என் மகள் போனில் பேசுவாளா! அதுவே எனக்குச் செய்தி.

பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். பரீட்சையிலும் தேறிவிட்டாள். சிவில், ஆர்ச் இரண்டுக்கும் விண்ணப்பம் போட்டிருந்தோம், இரண்டும் கிடைக்கிற மாதிரி ஆனது. ஒன்று வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் சிவில் இன்ஜினியரிங். காலையில் பஸ் ஏறினால் சாயந்தரம் வீடு. நாலு வருஷம். இன்னொன்று சென்னையில் ஆர்க்கிடெக்சர். ஹாஸ்டல், அஞ்சு வருஷம். ஒரு வாரத்துக்குள் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட வேண்டும்.

மகள் யோசித்துக்கொண்டே இருந்தாள். நானும் யோசித்தேன், ஆனால் என் யோசனை வேறு. சிவில் எடுத்தால் பெண் வீட்டில் இருப்பாள், ஆனால் சகலை மகனுக்குப் பின்னால் அதே வரிசையில் நிற்பாள். அவன் படித்த படிப்பு, அவன் தள்ளிவிட்ட புத்தகம். ஆர்க்கிடெக்சர் எடுத்தால் அவன் வரிசையில் இல்லை. கம்பெனி பஸ்ஸில் ஒருவர், "ஆர்க்கிடெக்ட்னா இன்ஜினியருக்கு மேலங்க. அவங்க சொல்றதத்தான் இவங்க கட்டுவாங்க" என்று சொன்னார். அவர் பேக்கிங் செக்‌ஷன், அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. அன்று முழுக்கக் கத்தி நன்றாக ஓடியது.

அந்த வாரம் சகலை மகன் எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் சுருட்டிய பிளான் தாள்கள். என் மகளும் அவனும் தரையில் விரித்துப் போட்டு உட்கார்ந்தார்கள். நான் டீ கொண்டுபோய் வைத்தேன். பிஸ்கட் கொண்டுபோய் வைத்தேன். தம்ளரை எடுக்கப் போனேன். ஒவ்வொரு முறையும் என் மகள் பேசிக்கொண்டே இருந்தாள். கையை ஆட்டிப் பேசுகிறாள், குறுக்கே பேசுகிறாள், "இல்லண்ணா, நீ சொல்றது தப்பு" என்கிறாள். பதினெட்டு வருஷமாக என் வீட்டில் இருக்கிற பெண்ணின் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. அவன் ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை. சும்மா கேட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னாங்க, அந்தப் புள்ளய மொறச்சிப் பாத்துகினு நிக்கிறீங்க?" என்று சமையலறையில் மனைவி கிசுகிசுத்தாள்.

"தம்ளரப் பாத்தேன்."

"தம்ளரு பேசுதா?"

அவளுக்கு எல்லாம் தெரியும். இருபது வருஷமாக என் முகத்தைப் படித்துப் பழகியவள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மச்சான் மாதனூருக்கு உள்ளே ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தான். சகலை மகன் போட்ட பிளான். அதை நேரில் பார்க்க வேண்டும் என்று மகள் சொன்னாள். அவன் பைக்கில் வந்தான். நீ பின்னால் உட்கார் என்று அவளிடம் சொல்ல எனக்கு மனசில்லை. நான் கூட்டி வருகிறேன் என்று என் டி.வி.எஸ்.ஸில் ஏற்றிக்கொண்டேன். அவன் முன்னால் போய்விட்டான். நாங்கள் பின்னால் போனோம்.

வீடு தளம் போட்டு நின்றது. அவன் ஒவ்வொன்றாகக் காட்டினான். இந்தத் தூண் ஏன் இங்கே, அந்த உத்திரத்தில் எத்தனை கம்பி, மாடி எடுத்தால் தாங்குமா. எனக்கும் பிடித்தது. பிடித்தது என்பதே பிடிக்கவில்லை. மகள் சமையலறைக்குள் போய் நின்றாள். இரண்டு பக்கமும் மேடை வர வேண்டிய இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது.

"அண்ணா, இது இன்னா இவ்ளோ ஒடுக்கமா இருக்குது?"

"ஒம்போது அடி போட்டிருந்தேன். மனையடிப்படி ஒம்போது ஆகாதுன்னு மாமா எட்டாக்கச் சொல்லிட்டாரு."

வீட்டின் அறைகள் எத்தனை அடி இருந்தால் நல்லது, எத்தனை அடி இருந்தால் கெட்டது என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் பார்ப்பார்கள். என்ன படித்தவனாக இருந்தாலும் அதற்குத் தலையாட்டித்தான் ஆக வேண்டும்.

"சரி, எட்டே இருக்கட்டும். அத்த எங்க உக்காருவாங்க?"

"எதுக்கு?"

"அத்த என்னைக்கு நின்னு காய் அரிஞ்சிருக்காங்க? அரிவாமனையப் போட்டுக் கதவாண்டதான் உக்காருவாங்க. இங்க உக்காந்தா ரெண்டு முட்டியும் மேடையில இடிக்கும். வெளிச்சமும் இல்ல."

அவன் கோட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான்.

"அவ்ளோதான். நீ போய் ஆர்ச்சே படி. எனக்கு இந்த வீட்டப் பாத்தா தளம் நிக்குமா விழுமான்னுதான் தோணும். உனக்கு ஆளு எங்க உக்காருவாங்கன்னு தோணுது. ரெண்டும் வேணும். ஆனா ரெண்டும் வேற."

அவன் சொன்னதில் தப்பில்லை. தப்பில்லாததுதான் எனக்கு உறுத்தியது. அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டும். மச்சான் மனைவி தரையில்தான் உட்காருவாள் என்பது எனக்கும் தெரியும். அதை என் மகள் கவனித்திருக்கிறாள் என்பதைக் கண்டுபிடித்துச் சொல்ல, போர்டு வைத்திருக்கிற வீட்டிலிருந்து ஓர் ஆள் வர வேண்டியிருந்தது.

விடக்கூடாது என்று ஒரு கேள்வி கேட்டேன். ரொம்ப நாளாக மனசில் இருந்ததுதான்.

"இந்த பிளான்ல உன் சீல்தான இருக்குது?"

"என் சீல் இன்னும் வரல சித்தப்பா. வேலூர்ல ஒருத்தருகிட்ட வேலை செய்யறேன் இல்ல, அவரும் கூடப் பார்த்து, அவர் சீல் போட்டாதான் பஞ்சாயத்து ஆபீஸ்ல வாங்குவாங்க. இன்னும் கொஞ்ச வருஷம் வேலை செஞ்சு காட்டினாதான் நான் பதிஞ்சுக்க முடியும். எங்கப்பாதான் சீல் வர்றதுக்கு முன்னாடியே போர்டு மாட்டிட்டாரு. சொன்னா கேக்குறாரா?"

அவன் கூச்சமே இல்லாமல் சொன்னான். எனக்கு உள்ளே ஒரு பட்டாசு வெடித்தது. மறைக்கக் குனிந்து ஒரு செங்கல்லை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"அப்ப இவளுக்கு?"

"அஞ்சு வருஷம் முடிச்சு டெல்லியில இருக்கிற கவுன்சில்ல பதிஞ்சிட்டா, பேருக்கு முன்னாடி ஆர்க்கிடெக்ட்னு போட்டுக்கலாம். பதியாத ஆளு அந்தப் பேரப் போட்டுக்கக் கூடாது, சட்டமே இருக்குது. இன்ஜினியர்னு யாரு வேணா போட்டுக்கலாம். உங்க கம்பெனியில மிஷின் ரிப்பேர் பாக்கிறவரக் கூட இன்ஜினியர்னுதான கூப்பிடுறீங்க?"

உண்மைதான். மிஷின் நின்றால், "இன்ஜினியரக் கூப்பிடு" என்றுதான் கத்துவோம். அவர் கையில் கிரீஸோடு வருவார். வீடு திரும்புகிற வழி முழுக்க எனக்கு அதே நினைப்பு. யாரும் சும்மா எடுத்து மாட்டிக்கொள்ள முடியாத பேர். அதை என் மகள் வாங்குவாள். என் கண் முன்னால் வந்தது அவள் முகம் அல்ல, சகலையின் முகம்.

சாயந்தரம் கரண்ட் போனது. மனைவி பக்கத்து வீட்டில் இருந்தாள். மகள் கதவருகே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, எத எடுக்கட்டும்?"

"உங்கண்ணன்தான் சொல்லிட்டானே."

"அவரு சொல்லிட்டாரு. அம்மா சொல்லிட்டாங்க. பெரியப்பா கூட போன் பண்ணி சிவில்தான் சேஃப்டின்னாரு. நீதான் ஒண்ணும் சொல்லல."

சொல்ல என்னிடம் இரண்டு பதில் இருந்தது. சகலையை நினைத்தால் ஆர்ச். அவள் சென்னைக்குப் போய்விடுவாள், ஹாஸ்டலில் வேறு யாரிடமோ கையை ஆட்டிப் பேசுவாள் என்று நினைத்தால் சிவில். இரண்டும் பொறாமையிலிருந்து வந்தது. அவளுக்காக வந்த பதில் ஒன்றுகூட இல்லை.

அதனால் பேச்சை மாற்றினேன். "உங்க மாமா ஊட்டு சமையல்கட்ட நீயா இருந்தா எப்படிப் போடுவ?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் தமாஷ் செய்கிறேனா என்று பார்த்த மாதிரி இருந்தது. பிறகு எழுந்துபோய் ஒரு ஷூ பெட்டி மூடியும் பென்சிலும் கொண்டுவந்தாள். மூடியின் உள்பக்கத்தில் கோடு போட்டாள்.

"ஒரு பக்கம் மேடைய எடுத்துடணும்பா. இங்க கதவு இருக்குதா, இத இப்படித் தள்ளினா காலையில வெயிலு தரையில விழும். அங்க அத்த உக்காருவாங்க."

"அப்ப கிரைண்டர் எங்க?"

"அதான்பா! அதத்தான் யோசிச்சிகினு இருக்கேன். இங்க வச்சா…"

இருட்டுகிற வரைக்கும் பேசினாள். பாதி எனக்குப் புரியவில்லை. "அது இடிக்காதா?" என்று இரண்டு இடத்தில் கேட்டேன். ஒரு இடத்தில், "ஆமாப்பா, இடிக்கும்" என்று அழித்தாள். இன்னொரு இடத்தில், "நீ சொல்றது தப்பு" என்றாள். முந்தின நாள் அவனிடம் சொன்ன அதே குரல், அதே வார்த்தை. எனக்கு என்னமோ சம்பளம் வாங்கின மாதிரி இருந்தது.

கரண்ட் வந்ததும் மூடியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அப்போது சொன்னேன்.

"ஆர்ச்சே எடு."

"ஷூ படிப்பா?" என்றாள்.

இருவரும் சிரித்தோம். காதுகுத்துப் பந்தியில் வராத சிரிப்பு அப்போதுதான் வந்தது.

இப்போது அவள் இரண்டாம் வருஷம். அட்டை, பசை, கத்தி என்று ஹாஸ்டல் அறை முழுக்கச் சின்னச் சின்ன வீடுகளாம். கத்தி பிடிப்பதில் மட்டும் என்னைக் கேட்டாள். எப்படிப் பிடித்தால் ஓரம் பிசிறாது என்று வீடியோ காலில் காட்டினேன். மற்றபடி தூண், உத்திரம், பாரம் என்று சந்தேகம் வந்தால் முதல் போன் அவள் அண்ணனுக்குத்தான். எனக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்த நேரத்தில் நான் கூப்பிட்டால் லைன் பிஸி என்று வரும். நான் போனை வைத்துவிட்டு டி.வி. பார்ப்பேன். மனைவி, "தம்ளரு பேசுதா?" என்பாள்.

போன மாதம் அந்தப் போர்டு மாறியது. அவனுக்கு சீல் வந்துவிட்டது. சகலை புதுத் தகரம் வாங்கி, பெயின்டரை வரவழைத்து, தெருவே பார்க்க எழுதவைத்தார். கம்பெனி பஸ்ஸிலிருந்து பார்த்தபோது மகன் பெயருக்குக் கீழே பெரிய வெற்றிடம் தெரிந்தது. எழுதி முடிக்கவில்லை போல என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிடக் கூப்பிட்டிருந்தார், போனேன். வாசலிலேயே தோளில் கை போட்டுக் காட்டினார்.

"பாத்தியா சகல? கீழ எடம் உட்டிருக்கேன். உம் பொண்ணு வந்தான்னா அவ பேரு. ஆபீஸ் ஒண்ணு, ஆளு ரெண்டு. பெயின்டரு, இன்னாங்க பாதியா நிக்குதுன்னு பேஜார் பண்ணான். அது எங்க ஷூ இன்ஜினியருக்குடான்னு சொன்னேன்."

அவர் கண் கலங்கியிருந்த மாதிரி இருந்தது. நல்ல மனுஷர்தான். நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது, "கீழயாணா?" என்பதுதான்.

"பின்ன?"

"ஒண்ணுமில்ல."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "மூத்தவன் மேலதான் இருப்பான். அதுக்கும் வயிறெரியணுமா?" என்றாள். மகளுக்குப் போன் போட்டேன். அன்று லைன் பிஸி இல்லை. கேட்டுச் சிரித்துவிட்டு, "எவ்ளோ எடம்பா உட்டிருக்காங்க?" என்றாள்.

அளக்கவில்லையே என்றேன். அளந்து சொல்லு என்றாள்.

மறுநாள் சாயந்தரம் வேலை முடிந்து வரும்போது, பஸ்ஸில் இருப்பவர்கள் பார்க்காமலிருக்க, அந்த வீட்டுக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன். சகலை இன்னும் வேலையிலிருந்து வரவில்லை, வாசலில் யாரும் இல்லை. கையை விரித்து வைத்துப் பார்த்தேன். என் சாணுக்கு ஒன்றரைச் சாண். பிறகு, வந்ததுதான் வந்தோம் என்று, மேலே அவன் பெயர் எழுதிய இடத்தையும் அளந்தேன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மி.

மகளிடம் ஒன்றரைச் சாண் என்று சொன்னேன். மற்ற அளவை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. காலை பஸ்ஸில் இப்போது அந்தப் பக்கத்து ஜன்னலில்தான் உட்காருகிறேன்.